கை தெரிகிற போன்

லவீனாவுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காது கேட்பதும் கூடவே போய்விட்டது. இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. நல்லூரில் ஒரு தையற்கடையில் பிளவுஸ் தைக்கிறாள். அளவு கொடுக்க வரும் பெண்கள், "அந்தக் கதைக்காத பிள்ளையிட்டைக் குடுங்கோ, அவ வடிவாத் தைப்பா" என்று கேட்டு வாங்குவார்கள்.

கதைக்காத பிள்ளை என்பது பிழை. லவீனா நிறையக் கதைப்பவள். காது கேளாதோர் பள்ளிக்கூடத்தின் விடுதியில் தங்கிப் படித்தபோது கையால் கதைக்கப் பழகியவள். பகிடி விடுவாள், சண்டை பிடிப்பாள், கடைக்கு வரும் ஆட்களைப் போல நடந்து காட்டுவாள். அவள் கை சொல்வதை விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் அவளைச் சுற்றி அதிகம் பேர் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கதையில் அவள் "சொன்னாள்" என்று வருகிற இடமெல்லாம் கையால் சொன்னாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரியாலையில், கடல்நீரேரிக்குப் போகிற ஒழுங்கையில், அண்ணன் செபநாயகத்தின் வீட்டில் அவள் இருந்தாள். செபநாயகம் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியைத் தன் பிள்ளை போல வைத்திருந்தார். ஆனால் அவருக்குத் தெரிந்தது வீட்டுச் சைகை மட்டும்தான். சாப்பிடு, வா, மழை, சேர்ச், ஆர், எங்கே, கவனம், இப்படிக் கொஞ்சம். சின்ன வயதில் இருவரும் தாங்களாக உண்டாக்கிய சைகைகள் அவை. லவீனா விடுதியில் படித்து வந்த பெரிய மொழிக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. அதற்குத் தேவை வந்ததாகவும் அவர் நினைக்கவில்லை. வங்கி, வைத்தியசாலை, கிராம சேவகர் என்று எங்கே போனாலும் அவள் பக்கத்தில் நின்று அவளுக்காக அவரே கதைத்தார்.

சென்ற வருடம் லவீனாவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது.

பள்ளிக்கூடத் தோழி தயாளினிதான் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் பெயர் டிலக்ஷன். சண்டிலிப்பாயில் வெங்காயமும் பீற்றூட்டும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரன். அவனுக்கும் காது கேளாது. அதே பள்ளிக்கூடத்தில் லவீனாவுக்கு மேல் வகுப்பில் படித்தவன். வரிசையில் எப்போதும் கடைசியில் நின்ற நெட்டைப் பொடியன் என்பதற்கு மேல் அவளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. அவன் தாய் மனோன்மணியும் அவனும் மட்டுமே வீட்டில். அவர்கள் சைவக்காரர், லவீனா வீட்டார் சேர்ச்சுக்குப் போகிறவர்கள்.

பேச்சு வந்தபின் மனோன்மணி செபநாயகத்துக்குப் போன் எடுத்தார். செபநாயகம் கதிரையில் இருந்தபடி கனநேரம் கதைத்தார். தலையாட்டினார், சிரித்தார், ஒருமுறை எழுந்து நின்று நெற்றியைச் சொறிந்தார், பிறகு இருந்தார். அவர் மனைவி ஜெயனி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். லவீனா எதிரே இருந்து அண்ணனின் வாயையும் மச்சாளின் புருவத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் கதை என்பது தெரிந்தது. என்ன கதை என்பது தெரியவில்லை.

போனை வைத்ததும், "என்ன சொன்னவை?" என்று கேட்டாள்.

செபநாயகம் கையை விரித்தார். "ஒண்டுமில்லை. நல்ல சனம்."

அவ்வளவு நேரக் கதைக்கு இரண்டு சைகை. அது அவளுக்குப் புதிதில்லை. வீட்டில் எல்லோரும் விழுந்துவிழுந்து சிரித்த பிறகும் "ஒண்டுமில்லை"தான் அவளுக்கு வந்து சேரும். சாவீட்டில் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டாலும் "பிறகு சொல்லுறன்"தான். இத்தனை வருடம் அதைப் பொறுத்துக்கொண்டவள் அன்று மட்டும் மச்சாளிடம் தாளும் பேனையும் கொண்டுபோனாள். மனோன்மணி கேட்டது என்னவென்று ஜெயனிதான் பிறகு தாளில் எழுதிக் காட்டினாள். கலியாணம் சேர்ச்சிலோ கோவிலிலோ என்று கேட்டிருக்கிறார். "அதை அவை ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுக்கட்டும்" என்று செபநாயகம் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

லவீனா அதை இரண்டுதரம் வாசித்தாள். "நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் ஒரு வசனமும் கதைக்கேல்லை மச்சாள்" என்றாள்.

அடுத்த சம்பளத்தோடு, "நான் போன் வாங்கப் போறன்" என்று அண்ணனிடம் சொன்னாள்.

"உன்னட்டை ஒண்டு கிடக்குத்தானே?"

கிடந்தது. ஜெயனி பாவித்துவிட்டுக் கொடுத்தது. முன் கமரா பனிப்புகார் படிந்த கண்ணாடி போல மங்கலாக இருக்கும். குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் எழுத்துத் தமிழ் லவீனாவுக்கு இரவல் செருப்பு மாதிரி. நடக்கலாம், ஓட முடியாது.

அவள் பழைய போனை மேசையில் நிறுத்தி, வீடியோவைப் போட்டு, அதன் முன்னால் கையை அசைத்துக் காட்டினாள். "பாருங்கோ அண்ணை. முகம் தெரியுது. கை தெரியேல்லை."

செபநாயகம் பார்த்தார். கை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ அலைந்தது.

சனிக்கிழமை இருவரும் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனார்கள். போன் கடையில் நின்ற ஷெரோன் என்ற இளம் பெண் செபநாயகத்தைப் பார்த்துத்தான் கதைத்தாள். ஒரு போனை எடுத்துப் பாட்டுப் போட்டு, "சத்தம் எப்பிடி அண்ணை? இந்த விலையிலை இப்பிடி ஸ்பீக்கர் வேறையொண்டிலும் இல்லை" என்றாள்.

"பாவிக்கப் போறது இவ. இவவுக்குக் காது கேளாது பிள்ளை."

ஷெரோனின் முகம் சட்டென்று இளகியது. ஐயோ பாவம் என்கிற அந்த முகத்தை லவீனா தன் வாழ்நாளில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். அதற்கு நேரம் கொடுக்காமல், போனைக் கையில் வாங்கி, கண்ணாடி மேசைமேல் இருந்த பேனைகள் போட்டிருந்த போத்தலில் சாய்த்து நிறுத்தினாள். முன் கமராவைப் போட்டாள். இரண்டடி பின்னால் போய் நின்று, கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், கையால் வேகமாகக் கதைத்தாள். பிறகு வந்து பதிந்ததைப் போட்டுப் பார்த்தாள். வேகமாக அசைந்த இடங்களில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தலையாட்டி அதை ஒதுக்கி வைத்தாள்.

அடுத்தது விலை கூடியது. அதில் லவீனாவின் தோல் வெளுத்து, கன்னம் பளபளத்து, ஒரு சினிமாக்காரி நின்றாள். "இது ஆர்?" என்று அண்ணனைக் கேட்டுச் சிரித்தாள். அந்த மினுக்கலில் கைரேகை, விரல் மடிப்பு எல்லாம் அழிந்துபோயிருந்தன.

மூன்றாவது போனை எடுக்கும்போது ஷெரோனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்பீக்கர் கதையை விட்டுவிட்டாள். "அக்கா, கிட்டத்திலை இருந்து கதைக்கேக்கையும் ரெண்டு முழங்கையும் படத்திலை விழவேணும், என்ன?" என்று லவீனாவைப் பார்த்தே, வாயைத் தெளிவாக அசைத்துக் கேட்டாள். லவீனா ஓம் என்று தலையாட்டினாள். ஷெரோன் அகலமாகப் படம் பிடிக்கிற போன்களை மட்டும் பொறுக்கி எடுத்தாள். பிறகு தானாகவே கடையின் பெரிய விளக்கை நிற்பாட்டினாள். "வீட்டிலை இவ்வளவு வெளிச்சம் இராது. மங்கலிலையும் பாப்பம்."

விலையிலும் வடிவிலும் நடுத்தரமாக இருந்த ஒரு நீலப் போனில் ஐந்து விரலும் ஐந்தாகத் தெரிந்தன. மங்கலிலும் தெரிந்தன. ஒரு விரல் இன்னொன்றின் மேல் ஏறுவதும் தெரிந்தது. லவீனா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

செபநாயகம் பதிவைத் தானும் பார்த்தார். தங்கச்சியின் கைகள் இவ்வளவு வேகமாக ஓடுவதை அவர் நின்று பார்த்ததில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"உதிலை என்ன சொன்னனீ?" என்று கேட்டார்.

லவீனா கையை விரித்தாள். "ஒண்டுமில்லை."

செபநாயகத்தின் முகத்தைக் கண்டதும் லவீனாவுக்கு மனம் கேட்கவில்லை. அவர் தோளில் தட்டி, வீட்டுச் சைகையில் சொன்னாள்: "எங்கடை அண்ணைக்கு நல்ல பசி, ஆனா வெளியிலை சொல்லமாட்டார் எண்டு சொன்னனான்." அவர் சிரித்தார். உண்மையில் பசிதான். ஆனாலும் போனைப் பெட்டியில் போட்டு முடியும் வரைக்கும் அவர் எங்கோ யோசனையாக இருந்தார்.

சிம் என்று வந்தபோது, "எங்கடை வீட்டிலை எல்லாரும் பாவிக்கிற கொம்பனியே போதும்" என்றார்.

"அண்ணை, வீடியோவிலை கதைக்கிறதெண்டா உங்களிட்டை வாறது மட்டும் இல்லை, உங்களிட்டையிருந்து போறதும் வடிவாப் போகவேணும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொண்டுதான் சரிவரும். வீட்டிலை ஆரிட்டையும் சிம் வாங்கிப் போட்டுப் பாத்திட்டு எடுங்கோவன்" என்றாள் ஷெரோன்.

"கனகாலமா உதுதான் பிள்ளை. கதைக்கேக்கை ஒரு குறையும் இல்லை."

அதையே வாங்கினார்கள்.

ஞாயிறு பின்னேரம் லவீனா தன் தையல் மேசையில் போனை நிறுத்தி, தலையை இழுத்துக் கட்டி, டிலக்ஷனுக்கு எடுத்தாள். திரையில் வெயில் ஏறிய ஒரு முகம் வந்தது. நெட்டைப் பொடியன் அகலமான மனிதனாகியிருந்தான். அவன் முதலில் கேட்டது, "என்னை ஞாபகம் இருக்கோ?" என்று.

"வரிசையிலை கடைசி" என்றாள்.

அவன் சிரித்தான். பிறகு முகம் மாறி, வலது கையை நெஞ்சில் வைத்து, ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அப்படியே நின்றுவிட்டான். படம் இறுகிவிட்டது. நெஞ்சில் வைத்த கை, திறந்த கண், அசைவில்லை. நெஞ்சில் கை வைத்தால் "நான்" என்றும் இருக்கலாம், "எனக்கு விருப்பம்" என்றும் இருக்கலாம், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றும் இருக்கலாம். கை அடுத்து எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் காத்திருந்தாள். படம் மீண்டும் அசைந்தபோது அவன் சொல்லி முடித்திருந்தான். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டான். பிறகு முழுவதும் அறுந்துபோனது.

அடுத்த நாட்களில் அவள் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், வேலியடிக்குப் போனாள். கடைசியில் ஒழுங்கை முடிவில், நீரேரிக் கரையில் படம் இறுகாமல் வந்தது. வேலையால் வந்ததும் அங்கே போய், கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளத்தின் விளிம்பில் போனை நிறுத்திக் கதைத்தாள். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். சூரியன் இறங்கியதும் அவள் கை கறுத்துவிடும். கதை பாதியில் நிற்கும்.

ஒரு பின்னேரம் செபநாயகம் மோட்டார் சைக்கிளில் வரும்போது அதைக் கண்டார். உப்புக் காற்றில் தலைமயிர் பறக்க, வெளிச்சம் போகுமுன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று தங்கச்சியின் கைகள் அவதிப்படுவதைக் கண்டார். பக்கத்தில் போகாமல் திரும்பிவிட்டார்.

மறுநாள் ஜெயனி வந்து பார்த்தபோது வீட்டுக் கூரையில் ஏணி சாத்தியிருந்தது. செபநாயகம் பக்கத்து வீட்டுக் கதிரவேலுவின் சிம்மையும் தன்னோடு வேலை செய்பவரின் சிம்மையும் இரவலாக வாங்கி வந்து, ஒவ்வொன்றாக நீலப் போனில் போட்டு, கூரையில் ஏறிப் பார்த்து, பிறகு வீடு முழுக்க நடந்தார். குசினியில், அறையில், யன்னலடியில். லவீனா அவர் பின்னாலேயே போய்த் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். கதிரவேலுவின் கொம்பனி அவள் தையல் மேசையிலேயே தெளிவாக எடுத்தது. அன்றைக்கே அந்தக் கொம்பனியில் ஒரு சிம் புதிதாக வாங்கினார்.

லவீனாவின் பக்கம் சரியாயிற்று. ஆனால் டிலக்ஷனின் படம் இன்னும் நடுநடுவே இறுகியது.

"அங்கையும் ஒருக்காப் பாக்கவேணும்" என்றார் செபநாயகம், இரவல் சிம்களைச் சட்டைப் பையில் போட்டபடி.

"மாப்பிள்ளை பாக்கப் போறன் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள் ஜெயனி.

"சிக்னல் பாக்கப் போறன்."

சண்டிலிப்பாய்க்கு அவர் போன நேரம் மனோன்மணி சந்தைக்குப் போய்விட்டார். டிலக்ஷன் தோட்டத்தில் தனியே வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். செபநாயகம் தன்னை யாரென்று சொன்னார். பிறகு சத்தமாகச் சொன்னார். பிறகு இன்னும் சத்தமாக. சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டார். காது கேளாத ஒருத்தியோடு இவ்வளவு காலம் வாழ்ந்த தனக்கு இந்த மனிதனிடம் "சுகமோ" என்று கேட்கக்கூடத் தெரியவில்லையே என்று அவருக்கு வியர்த்தது. வீட்டுச் சைகை காட்டினார். அவனுக்கு விளங்கவில்லை. டிலக்ஷன் மண்வெட்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, அவரைப் பொறுங்கள் என்று காட்டி, தன் போனைக் கிணற்றுக் கட்டில் நிறுத்தி லவீனாவுக்கு எடுத்தான்.

தையற்கடையில் லவீனா நிமிர்ந்தபோது திரையில் இரண்டு பேர் ஒட்டி நின்றார்கள். ஒருவர் அண்ணன். உதவி கேட்கிற அண்ணனின் முகத்தை அவள் அன்றுதான் கண்டாள்.

தன்னுடையது, இரவல் இரண்டு என்று செபநாயகம் டிலக்ஷனின் போனில் ஒவ்வொரு சிம்மாகப் போட்டார். மூன்றாவது கொம்பனியில் படம் இறுகவே இல்லை. அதோடு வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவர் போகவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்து, தங்கச்சியைப் பார்த்து, "நான் கேக்கிறதை இவரிட்டைச் சொல்லுவியோ?" என்றார்.

லவீனா தைத்துக்கொண்டிருந்த துணியைத் தள்ளி வைத்தாள். "சொல்லுங்கோ."

தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். தாயின் சுகம் கேட்டார். மெதுவாக அசைந்த அண்ணனின் வாயையும் கையையும் படித்து அவள் டிலக்ஷனுக்குக் கையால் சொன்னாள். அவன் கையைப் படித்து வீட்டுச் சைகையில் அண்ணனுக்குச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. வெங்காயத்தில் விழுந்த புழுவைக்கூட நெளிந்து காட்டினாள். செபநாயகம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தம்பி, என்ரை தங்கச்சியை வடிவாப் பாப்பீரோ?"

லவீனா முகம் சிவந்தாள். "இதையும் சொல்லவோ?"

"ஓம். சொல்லு."

அவள் சொன்னாள். டிலக்ஷன் கொஞ்சம் யோசித்தான். பிறகு இரண்டு விரலைத் தன் கண்ணிலிருந்து போனிலிருந்த லவீனாவை நோக்கி நீட்டினான். அதே விரல்களை அவளிடமிருந்து தன் கண்ணுக்குத் திருப்பினான். பிறகும் ஏதோ சொன்னான்.

"தான் என்னைப் பாத்தா மட்டும் போதாதாம்" என்று லவீனா மெதுவாக எடுத்துச் சொன்னாள். "நானும் அவரைப் பாக்கவேணுமாம். ரெண்டு பேரும் ஆளையாள் பாத்தாத்தான் எங்களுக்குக் கதை எண்டு ஒண்டு இருக்குமாம்."

முதல் பாதி செபநாயகத்துக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. அவர் எழுந்து போய்க் கிணற்றில் அள்ளி முகம் கழுவினார். தேவைக்கு அதிகமான நேரம் கழுவினார். வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு உரப்பை பீற்றூட் தொங்கியது.

டிலக்ஷன் தன் சிம்மை மாற்றிக்கொண்டான். செபநாயகம் அதே கொம்பனியில் இன்னொரு சிம்மை லவீனாவின் பெயரில் வாங்கி வந்து மேசையில் வைத்தார். "உன்ரை போனிலை ரெண்டு சிம் போடலாம். இது சண்டிலிப்பாயிலை எடுக்கிறது. போடுறதும் விடுறதும் உன்ரை விருப்பம். நான் கேக்கமாட்டன்."

லவீனா தையல் மெசினின் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தாள். அவசரப்படவில்லை. மாரி முழுக்க அவளும் டிலக்ஷனும் கதைத்தார்கள். அறுபடாமல், இருண்டுபோகாமல், தையல் மேசையில் இருந்தே கதைத்தார்கள். முதல்நாள் நெஞ்சில் கை வைத்து என்ன சொன்னீர் என்று அவள் கேட்டாள். "நல்லாப் பயந்துபோய் இருக்கிறன் எண்டு சொன்னனான்" என்றான் அவன். ஒருநாள் இருவரும் சண்டை பிடித்தார்கள். அவள் கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். காது கேளாதவர்களுக்குள் அதைவிடப் பெரிய கதவடைப்பு இல்லை. கண்ணைத் திறந்தபோது அவன் திரையில் பொறுமையாக இருந்தான், பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. சேர்ச்சிலோ கோவிலிலோ என்பதையும் அவர்களே கதைத்தார்கள். பதிவுத் திருமணம், பிறகு சேர்ச்சில் ஒரு செபம், பின்னேரம் அவன் ஊர்க் கோவிலில் ஒரு அருச்சனை.

பங்குனியில் ஒரு காலை, செபநாயகம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, லவீனா ஜெயனியிடம் ஒரு ஊசி வாங்கி வந்து, அவர் முன்னாலேயே போனின் பக்கவாட்டுத் துளையில் குத்தி, சின்னத் தட்டை வெளியே எடுத்து, லாச்சியில் கிடந்த சிம்மை இரண்டாவது இடத்தில் வைத்து மூடினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்கமாட்டன் என்று சொல்லியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. குவளையை வைத்துவிட்டு அவள் தலையில் கையை வைத்தார்.

இப்போது லவீனா சண்டிலிப்பாயில் இருக்கிறாள். முன் அறையில் மெசின் போட்டுத் தைக்கிறாள். மனோன்மணி மருமகளின் கைக் கதையில் பாதியை விளங்கிக்கொள்கிறார், மீதியை விளங்கியதுபோல் தலையாட்டுகிறார். செபநாயகமும் ஐந்து விரல் தெரிகிற ஒரு போன் வாங்கியிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எடுப்பார். அவருக்கு இந்த வயதில் விரல் வளைவது கஷ்டம். ஒரு வசனம் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுக்கும்.

போன கிழமை, "இஞ்சை நல்ல மழை, ஜெயனி றால் சமைக்கிறா" என்று சொல்லப் பார்த்தார். கை வேறு ஏதோ சொன்னது. டிலக்ஷன் திரைக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கினான். லவீனா சிரிக்கவில்லை. தன் கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து பிடித்தாள்.

"பெருவிரலை உள்ளுக்கு மடியுங்கோ அண்ணை. ஓம், அப்பிடித்தான். இனித் திருப்பிச் சொல்லுங்கோ."

செபநாயகம் பெருவிரலை மடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.